அசெம்பிளில ஒரு பார்ட்ட மாத்துனா மத்ததெல்லாம் எடம் மாறுது, மேட் (ஒரு பார்ட்ட இன்னொண்ணோட பொருத்துத கட்டு) எல்லாம் செவப்பாவுது. சரியா எப்படி வைக்கது?

பாளை_டிராயிங்:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல ஒரு சின்ன டிசைன் ஆபீஸ்ல இருக்கேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல்லு தூக்குத பக்கெட் எலிவேட்டர் செய்யுதாவ, அதுல தலைப்பக்கம் எங்க கைக்கு வந்திருக்கு. எனக்கு முன்னால இருந்தவர் சாலிட்வொர்க்ஸ்ங்குற 3டி டிசைன் சாஃப்ட்வேர்ல போட்டு வச்ச ஃபைலு. ரெண்டு பக்கமும் பேஸ் பிளேட்டு, அதுமேல ரெண்டு யூசிபி 208 பிளம்மர் பிளாக் (ஷாஃப்ட்டத் தாங்குத பேரிங் வீடு), 40 எம்எம் ஷாஃப்ட், நடுவுல புல்லி, ஒரு பக்கம் வி பெல்ட்ல ஓடுத மோட்டார். தெறந்து பாத்தா எல்லாம் அம்சமா நிக்கி. மில்லுல பேஸ் பிளேட்ட 8 எம்எம்ல இருந்து 12 ஆக்கச் சொல்லிட்டாவ, நானும் தடிப்ப மட்டும் மாத்திட்டு ரீபில்ட் குடுத்தேன், ஒரு பக்க பிளம்மர் பிளாக் 4 எம்எம் மேல ஏறிட்டு, இன்னொண்ணு பழைய எடத்துலயே பிளேட்டுக்குள்ள முங்கி நிக்கி, ஷாஃப்ட்டு புல்லி ரெண்டுலயும் மேட் முழுக்க செவப்பு. எல்லா மேட்டையும் அழிச்சிட்டு எடத்துல கொண்டு வச்சி மொத்தத்தையும் ஃபிக்ஸ் பண்ணிரலாமான்னு இருக்கு. ஆனா மில்லுக்காரவுக திரும்பவும் மாத்துவாவ, அது தெரியும். இதுல முறையா செய்யுதவங்க எப்படி செய்யுதீங்க?

கங்கைகொண்டான்_ஷிஃப்ட்:
ஃபிக்ஸ் பண்ணுதது ஒண்ணும் தப்பான வழி இல்ல. கார் பாடி வேலைல எல்லா பார்ட்டையும் ஒரே ஒரிஜின (அளவு ஆரம்பிக்குத பூஜ்ஜியப் புள்ளி) வச்சித்தான் வரைவாவ, வண்டில அது எங்க நிக்குமோ அந்த எடத்துலயே பார்ட்டு பொறக்கும், அசெம்பிளில கொண்டு வந்து ஒரிஜினுக்கு ஒரிஜின் வச்சா போதும், மேட்டே வேண்டாம். நூத்துக்கணக்குல பார்ட் இருக்குத எடத்துல அதான் வேகம், ஒண்ணும் செவப்பாவாது.

பேட்டை_ஃபிட்டர்:
மேல சொன்னது சரிதான், ஆனா அது அந்த வேலைக்கு. அங்க பார்ட்ட வரையும்போதே எடம் முடிவாயிட்டு. தம்பி கேக்கதுல பிளம்மர் பிளாக் கடைல வாங்குதது, மோட்டார் கடைல வாங்குதது, அந்த மாடல் எல்லாம் அதுஅதுக்க சொந்த ஒரிஜின்ல இருக்கும். அத இழுத்து வச்சி ஃபிக்ஸ் பண்ணுனா இன்னைக்கு டிராயிங் வரும், பிளேட் தடிப்பு மாறுன அன்னைக்கு பிளாக்கு எதுமேல உக்காந்திருக்குன்னு அந்த ஃபைலுக்கே தெரியாது, செவப்பு கூட வராது. செவப்பு வந்தாலாவது எங்கயோ பொருந்தலன்னு தெரியும்லா, சத்தமே இல்லாம 4 எம்எம் தப்பா நின்னு அது அப்படியே கட்டிங்குக்கு போச்சுன்னா என்ன செய்யப் போறீங்க?

தம்பி, மேட்ட எதையும் இப்ப தொட வேண்டாம். ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ட்ரீல (பார்ட் லிஸ்ட்டு) எந்த பார்ட் பக்கத்துல எஃப்னு, அதாவது ஃபிக்ஸ்னு, போட்டிருக்கு? ரெண்டு பிளம்மர் பிளாக்கையும் எது எதோட மேட் பண்ணிருக்காவன்னு வலது கிளிக் குடுத்து வியூ மேட்ஸ்ல பாருங்க.

பாளை_டிராயிங்:
அண்ணாச்சி, பாத்துட்டேன். மோட்டார்தான் எஃப். அதுவும் ஒரிஜின்ல இல்ல, எங்கயோ அந்தரத்துல நிக்கி. பிளேட்டு அந்த மோட்டார்ல இருந்து டிஸ்டன்ஸ் போட்டு தொங்குது. எடது பிளாக்கு பிளேட் மேல் மொகத்தோட கோஇன்சிடென்ட் (ஒட்டி நிக்கி). வலது பிளாக்கு அசெம்பிளியோட டாப் பிளேன்ல (கற்பனைத் தளம்) இருந்து டிஸ்டன்ஸ். ஷாஃப்ட் ரெண்டு பிளாக்குக்கும் கான்சென்ட்ரிக் (ஒரே அச்சு). போல்ட்டு எல்லாம் பிளேட் ஓட்டையோட சாம்ஃபர் (சரிவா வெட்டுன) விளிம்புல மேட் ஆயிருக்கு.

பேட்டை_ஃபிட்டர்:
அப்ப விடை அதுலயே இருக்கு. எடது பிளாக்கு பிளேட்ட நம்பி நிக்கி, அதனால பிளேட் தடிச்சதும் கூடவே ஏறிட்டு. வலது பிளாக்கு பிளேட்ட பாக்கவே இல்ல, அது காத்துல இருக்குத ஒரு பிளேன்ல இருந்து அளவு எடுத்து நிக்கி, அது நவுரல. ரெண்டு பிளாக்குக்கும் நடுவுல 4 எம்எம் ஏத்த எறக்கம், ஒரே ஷாஃப்ட்ட ரெண்டுக்கும் கான்சென்ட்ரிக்னா சாஃப்ட்வேர் என்ன செய்யும், முடியாதுன்னு சொல்லுது. அது சரியாத்தான் சொல்லுது.

நான் எப்பவும் ஒண்ணுதான் சொல்லுவேன், ஷாப்ல எது எதுமேல உக்காருதோ, எந்த வரிசைல உக்காருதோ, அசெம்பிளிலயும் அதே வரிசைல உக்கார வைங்க. மோட்டாரக் கொண்டு போயி அந்தரத்துல தொங்க விட்டுட்டு அதுல பிளேட்ட வெல்டு பண்ணுவோமா? வீடு கட்டயில நிலைய மொதல்ல மட்டம் பாத்து வச்சிட்டுத்தான் கொத்தனார் செவத்த ஏத்துவாரு, அது மாதிரி இங்க எலிவேட்டர் கேசிங்கோ ஃபிரேமோதான் நிலை. அது மட்டும் ஃபிக்ஸ். அதுமேல பேஸ் பிளேட், பிளேட் மேல பிளாக்கு, பிளாக்குல ஷாஃப்ட், ஷாஃப்ட்ல புல்லியும், அத வழுக்காம புடிக்குத சாவியும் (கீ). மோட்டாருக்கு தனி பிராக்கெட், அந்த பிராக்கெட்டும் ஃபிரேம்லதான்.

இன்னொண்ணும் கவனிங்க, சாலிட்வொர்க்ஸ்ல மொதல்ல கொண்டு வாற பார்ட் தானாவே ஃபிக்ஸ் ஆயிரும். அத ஸ்கிரீன்ல எங்கயாவது கிளிக் பண்ணி போட்டா அந்த எடத்துலயே நின்னுரும், அதான் உங்க மோட்டார் அந்தரத்துல நிக்கி. கிளிக் பண்ணாம பச்சை டிக்க மட்டும் அமுக்குனா பார்ட்டோட ஒரிஜின் அசெம்பிளி ஒரிஜின்ல போயி ஒக்காந்துக்கிடும், பிளேனும் பிளேனும் ஒண்ணாயிரும். இப்ப உங்க ஃபைலுக்கு, மோட்டார வலது கிளிக் பண்ணி ஃப்ளோட் குடுங்க, பிளேட்ட மோட்டாரோட கட்டிருக்குத அந்த டிஸ்டன்ஸ் மேட்ட எடுங்க, ஃபிரேம் ஒரிஜின அசெம்பிளி ஒரிஜினோட கோஇன்சிடென்ட் குடுத்து அலைன் ஆக்சஸ டிக் பண்ணுங்க. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா.

பாளை_டிராயிங்:
சரி அண்ணாச்சி, புரியுது. பிளாக்குக்கு அடி மொகம் கோஇன்சிடென்ட், அப்புறம் ரெண்டு போல்ட் ஓட்டைக்கும் ரெண்டு கான்சென்ட்ரிக் போட்டேன், மொத ஓட்டை ஒக்காருது, ரெண்டாவது ஓட்டைக்கு போட்டா ஓவர் டிஃபைன்னு வருது. ஏன்?

கடையம்_லேப்:
இதுக்கு நான் சொல்லுதேன், பாலிடெக்னிக்ல கேட் (கம்ப்யூட்டர் டிராயிங்) லேப் எடுக்கேன், பிள்ளைங்க அதிகமா மாட்டுத எடமே இதான்.

காத்துல மெதக்குத ஒரு பார்ட்டுக்கு ஆறு வகை அசைவு இருக்கு, மூணு திசைல நகரலாம், மூணு அச்சுல சுத்தலாம். தட்டையான மொகத்தோட மொகம் ஒட்டுனா மூணு போயிரும், மேல கீழ நகரதும் ரெண்டு பக்கம் சாயுததும். மிச்சம் தட்டுமேல வழுக்கி நகருத ரெண்டும், நின்ன எடத்துல சுத்துத ஒண்ணும். மொத ஓட்டைல கான்சென்ட்ரிக் போட்டதும் வழுக்குத ரெண்டும் போச்சு. இப்ப மிச்சம் இருக்கது சுத்துதது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாவது ஓட்டைக்கு திரும்ப கான்சென்ட்ரிக் கேட்டா அது நகரது ரெண்டையும் சேத்து கேக்கும், கையில இருக்கது ஒரு அசைவு. ரெண்டு பார்ட்லயும் ஓட்டை தூரம் புள்ளி மாறாம ஒண்ணா இருந்தா சாஃப்ட்வேர் சரின்னு விட்டுரும். ஒரு நூல் மாறுனாலும் செவப்பு. யூசிபி 208க்கு போல்ட் சென்டர் 137 எம்எம். உங்க பிளேட்ல எவ்வளவு இருக்கு, டவுன்லோட் பண்ணுன மாடல்ல எவ்வளவு இருக்குன்னு மெஷர்ல பாருங்க.

பாளை_டிராயிங்:
அக்கா, பிளேட்ல 135 போட்டிருக்காவ! மாடல்ல 137 சரியா இருக்கு. அப்ப பிளேட் டிராயிங்கே தப்பா?

கடையம்_லேப்:
137க்கு மாத்திருங்க. பிளாக்கு காலுல இருக்குத நீள ஓட்டைல (ஸ்லாட்) அது ஒருவேளை சமாளிச்சுக்கிடும், ஆனா டிராயிங்ல தெரிஞ்சே தப்பு அளவு இருக்கக் கூடாது. மாத்துன பெறகும் ரெண்டாவது ஓட்டைக்கு கான்சென்ட்ரிக் போட வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஒரு ஓட்டைக்கு கான்சென்ட்ரிக், அப்புறம் பிளாக்கோட நீளப்பக்க மொகத்துக்கும் பிளேட் விளிம்புக்கும் பேரலல். ஆறும் முடிஞ்சிட்டு.

பேட்டை_ஃபிட்டர்:
டீச்சர் சொன்னது பாடத்துக்கு கரெக்டு. பிளம்மர் பிளாக்குக்கு மட்டும் நான் இன்னொரு மாதிரி செய்வேன், ஏன்னா அந்த காஸ்டிங்க கையில எடுத்து பாத்தவங்களுக்கு தெரியும், அதோட காலுல போல்ட் ஓட்டை வட்டமா இருக்காது, நீளவாக்குல ஓவலா இருக்கும். ஷாப்ல ரெண்டு பிளாக்கையும் லூசா போல்ட்டு போட்டு, ஷாஃப்ட்ட உள்ள சொருவி, கையால பைய சுத்திப் பாப்போம், எங்கயாவது புடிக்குதான்னு. புடிச்சா பிளாக்க லேசா தட்டி நவுட்டி, தேவப்பட்டா அடியில ஷிம் (மெல்லிசு தகடு) குடுத்து, சுத்து லேசானப்புறம்தான் போல்ட்ட இறுக்குதது. கடைசிலதான் பேரிங் உள்வளையத்துல இருக்குத கிரப் ஸ்குரூ. அதாவது அந்த ஓட்டை பிளாக்குக்கு எடத்தக் காட்டுததே இல்ல, புடிச்சு வைக்க மட்டும்தான். எடத்தக் காட்டுதது அடி மொகமும் ஷாஃப்ட் சென்டரும். அதனால ஓட்டைக்கு ஓட்டை மேட் போட்டா, ஓவலோட ஒரு ஓரத்து வளைவ புடிச்சிட்டு பிளாக்கு ஒரு பக்கமா ஒதுங்கிரும், கண்ணுக்குத் தெரியாது.

நான் போடுதது: அடி மொகம் பிளேட் மொகத்தோட கோஇன்சிடென்ட். பிளாக்கோட நடு பிளேன் பிளேட்ல ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்குத பிளேனோட கோஇன்சிடென்ட். பேரிங்கோட நடு பிளேன் பிளேட்டோட குறுக்கு நடு பிளேனோட. மூணே மேட், மூணும் பிளேனு. ஓட்டை எல்லாம் தன்னால நேரா வந்து நிக்கணும், நிக்கலன்னா ஓட்டை தப்புன்னு அர்த்தம், மேட் தப்பில்ல.

பணகுடி_காத்தாடி:
அண்ணாச்சி சொன்ன பிளேன் விஷயத்த நான் அழுத்திச் சொல்லுதேன். காத்தாடி (காத்தாலை) சர்வீஸ்ல இருக்கேன், நாங்க வேலைக்கு சாமானப் புடிச்சு வைக்குத டூலிங் ஃபிக்சர்னு சின்னச் சின்னதா டிசைன் பண்ணுவோம். மொகம், விளிம்பு, சாம்ஃபர், ஃபில்லெட் (உருட்டுன விளிம்பு) இதெல்லாம் பார்ட்ட எடிட் பண்ணுனா காணாம போவுத சாமான். சாம்ஃபர எடுத்தா அந்த விளிம்பே இல்ல, அதுல தொங்குன அம்புட்டு போல்ட்டும் தவிக்கும். பார்ட்டுக்க ஃப்ரன்ட், டாப், ரைட் பிளேன் மூணும் என்ன எடிட் பண்ணுனாலும் போவாது. அதனால பார்ட்ட வரையும்போதே நடுவுல ஒரிஜின் வர்ற மாதிரி வரையணும். ஷாஃப்ட்னா அச்சு ஒரிஜின் வழியா போவணும், பிளேட்னா நீள அகலத்துக்கு நடுவுல ஒரிஜின். ஒரு மூலைல இருந்து ஸ்கெட்ச் ஆரம்பிச்ச பிளேட்ட பின்னால சென்டர்ல ஒக்கார வைக்க படாத பாடு படணும்.

கங்கைகொண்டான்_ஷிஃப்ட்:
நான் மொதல்ல சொன்னத விட்டுக் குடுக்கல. வெல்டு ஃபிரேம், கேசிங் ஷீட், பைப்லைன் இதெல்லாம் ஒரு லேஅவுட் ஸ்கெட்ச் போட்டு அதுல இருந்தே வரைஞ்சா மேட் தேவையே இல்ல. இந்த எலிவேட்டர்ல கூட ஒரு ஸ்கெட்ச்ல தலை ஷாஃப்ட் சென்டர், அடி ஷாஃப்ட் சென்டர், மோட்டார் சென்டர், தரைமட்டம் நாலையும் போட்டு வச்சா எல்லாம் அதப் பாத்து நிக்கும். மில்லுல உயரம் மாத்தச் சொன்னா ஒரு அளவ மாத்துனா போதும்.

பேட்டை_ஃபிட்டர்:
இத நான் முழுசா ஒத்துக்கிடுதேன். லேஅவுட் ஸ்கெட்ச் ரொம்ப நல்ல வழி. கேசிங்கும் ஃபிரேமும் அந்த ஸ்கெட்ச்ல இருந்து வரட்டும், வாங்குத சாமான மட்டும் மேட்ல ஒக்கார வைங்க. ஒண்ணே ஒண்ணு, ஸ்கெட்ச்ல ஷாஃப்ட் சென்டர் உயரம் போடையில பிளேட் தடிப்பும் யூசிபி 208க்க 49.2 எம்எம்மும் கூட்டித்தான் அந்த சென்டர் வரணும். அடி மொகத்துல இருந்து சென்டர் 49.2, அது கம்பெனிக்காரன் வார்த்தது, நாம மாத்த முடியாது. சென்டர் உயரம் முக்கியமா, பிளேட்டோட அடி மட்டம் முக்கியமான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, ரெண்டையும் கட்டிப் போட்டா அப்புறம் தடிப்ப மாத்த முடியாது.

பாளை_டிராயிங்:
ஷாஃப்ட்டும் புல்லியும் எப்படி அண்ணாச்சி? ரெண்டு பிளாக்குக்கும் கான்சென்ட்ரிக் போடணுமா ஒண்ணு போதுமா?

பேட்டை_ஃபிட்டர்:
ஒண்ணு போதும். எடது பிளாக்கு பேரிங்குக்கு கான்சென்ட்ரிக். வலது பிளாக்கு தானா நேரா வரணும், ரெண்டும் ஒரே மட்டத்துல ஒரே கோட்டுல இருந்தா வந்துரும். வரலன்னா அங்க உண்மையாவே ஏத்த எறக்கம் இருக்கு, அத கான்சென்ட்ரிக் போட்டு மறைக்கக் கூடாது. நெசத்துல அந்த பேரிங்கோட வெளி வளையம் உருண்டையா இருக்கதால மாட்டும்போது லேசான சாய்வ தாங்கிக்கிடும், கேட்ல அது ஒரே கட்டையா வாற மாடல், சாயாது.

ஷாஃப்ட்டு நீளவாக்குல நகராம இருக்க ஒரே ஒரு மேட், ஷாஃப்ட் ஷோல்டருக்கும் எடது பேரிங் மொகத்துக்கும். வலது பக்கம் ஒண்ணும் வேண்டாம். சுத்துதத அப்படியே விடுங்க, ஷாஃப்ட்டு பக்கத்துல ட்ரீல மைனஸ் குறி நிக்கும், நிக்கட்டும். சுத்த வேண்டிய சாமான் சுத்தணும். நெறைய பேரு மைனஸ் குறிய பாத்துப் பயந்து ஒரு பேரலல போட்டு அடைச்சிருதாவ, பெறகு பெல்ட்ட சுத்திப் பாக்க முடியாது, பக்கெட் கேசிங்ல ஒரசுதான்னு பாக்க முடியாது. புல்லிய ஷாஃப்ட்டுக்கு கான்சென்ட்ரிக், புல்லி நடு பிளேன் எலிவேட்டர் நடு பிளேனோட, சாவிக்குழி பக்க மொகம் பேரலல். 40 எம்எம் ஷாஃப்ட்டுக்கு 12க்கு 8 சாவி, அதையும் வரைஞ்சு ஒக்கார வைங்க, குழி எந்தப் பக்கம் பாக்குன்னு லேத்துக்காரருக்கு சண்டை வராது.

மேட் போடையில பார்ட்டு திடீர்னு தலகீழா திரும்புனா பதறாதீங்க, அலைன்ட் ஆன்டி அலைன்ட்னு ரெண்டு பட்டன் இருக்கும், மாத்திக்கிடலாம்.

பணகுடி_காத்தாடி:
திரும்புததுல ஒண்ணு சேத்துக்கிடுதேன். ஆங்கிள் மேட் போட்டா அது இந்தப் பக்கமும் 30 டிகிரி, அந்தப் பக்கமும் 30 டிகிரி, ரெண்டுமே அதுக்கு சரிதான், அதனால ஒரு நாள் தானா அந்தப் பக்கம் குதிச்சு நிக்கும். சரிவா நிக்க வேண்டியதுக்கு, தலைப்பக்கத்து நெல்லு கொட்டுத ஸ்பௌட்ட எடுத்துக்கிடுங்க, ஃபிரேம்ல அந்தக் கோணத்துல ஒரு பிளேன் போட்டு அதோட கோஇன்சிடென்ட் குடுங்க. குதிக்க எடமே இருக்காது.

முக்கூடல்_ஃப்ரீகேட்:
சாலிட்வொர்க்ஸ் வாங்க வசதி இல்லாத சின்ன ஷாப்புக்காக சொல்லுதேன். ஃப்ரீகேட் 1.0 2024 நவம்பர்ல வந்துச்சு, அதுலயே அசெம்பிளி ஒர்க்பெஞ்ச் சேந்து வருது. அதுக்கு முன்னால ஏ2பிளஸ், அசெம்பிளி3, அசெம்பிளி4னு தனித்தனியா போட வேண்டியிருந்துச்சு, ஒண்ணுல செஞ்சத இன்னொண்ணு தெறக்காது. இங்க மேட்னு சொல்லாம ஜாயின்ட்னு சொல்லுவாவ, ஃபிக்ஸ்டு, ரெவல்யூட், சிலிண்ட்ரிக்கல், ஸ்லைடர்னு. அண்ணாச்சி சொன்ன ஷாஃப்ட்டுக்கு ஒரே ஒரு ரெவல்யூட் போதும், பேரிங் வட்டத்தையும் ஷாஃப்ட் வட்டத்தையும் காட்டுனா அச்சும் மொகமும் சேந்து ஒக்காந்துரும், சுத்துதது மட்டும் மிச்சம். ஃபிரேம மொதல்ல கிரவுண்ட் பண்ணிருங்க. பார்ட்ட எடிட் பண்ணுனா மொகத்துக்கு நம்பர் மாறிப்போயி ஜாயின்ட் வேற மொகத்துல போயி ஒட்டுதது ஃப்ரீகேட்ல ரொம்ப நாளா இருந்த தொந்தரவு, 1.0ல நல்லாவே கொறஞ்சிருக்கு, முழுசா போவல. அதனால இங்கயும் பிளேன், லோக்கல் கோஆர்டினேட் சிஸ்டம் இதுல ஜாயின்ட் போடுதது நல்லது.

தாழையூத்து_ஃப்யூஷன்:
ஃப்யூஷன்லயும் இதேதான், ஒரு ஜாயின்ட்ல ஒட்டுதத்தையும் அசையுதத்தையும் சேத்து சொல்லிரலாம். அங்க பாடி வேற, காம்பொனென்ட் வேற, பாடிக்கு ஜாயின்ட் போட முடியாது, மொதல்ல காம்பொனென்ட் ஆக்கணும். ஏற்கெனவே சரியான எடத்துல வரைஞ்சதுன்னா ஆஸ் பில்ட் ஜாயின்ட், தனியா வெளிய கெடக்கத கொண்டு வந்து ஒட்டணும்னா சாதா ஜாயின்ட். மவுஸால இழுத்துப் பாத்துட்டு அடுத்த வேலைக்குப் போவையில கேப்சர் பொசிஷனா ரிவர்ட்டான்னு கேக்கும், படிக்காம கேப்சர அமுக்கிராதீங்க, இழுத்த எடமே பதிவாயிரும்.

பாளை_டிராயிங்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபிரேம ஃபிக்ஸ் பண்ணி அண்ணாச்சி சொன்ன வரிசைலயே திரும்ப வச்சேன், தடிப்ப 8, 10, 12, 16 எல்லாம் மாத்திப் பாத்தேன், பிளாக்கு ரெண்டும் ஷாஃப்ட்டும் புல்லியும் ஒண்ணா ஏறி எறங்குது, ஒரு செவப்பு இல்ல. போல்ட்ட எல்லாம் ஓட்டை உருளைக்கு கான்சென்ட்ரிக், வாஷர் மொகத்துக்கு கோஇன்சிடென்ட்னு மாத்திட்டேன். மோட்டார் மட்டும் பாக்கி. பெல்ட் டென்ஷனுக்கு அது முன்ன பின்ன நவுரணும்லா, அத எந்த எடத்துல நிறுத்த?

பேட்டை_ஃபிட்டர்:
நிறுத்த வேண்டாம், எல்லை மட்டும் குடுங்க. மோட்டார் என்ன ஃப்ரேம் சைஸுன்னு நேம் பிளேட்ல பாருங்க. 90 ஃப்ரேம்னா கால் அடில இருந்து ஷாஃப்ட் சென்டர் 90 எம்எம், ஷாஃப்ட் 24 எம்எம். அடி மொகம் மோட்டார் நவுருத ரயில் மேல் மொகத்தோட கோஇன்சிடென்ட், மோட்டார் புல்லி காடியும் (பெல்ட் ஓடுத பள்ளம்) பெரிய புல்லி காடியும் ஒரே கோட்டுல வர்றதுக்கு நடு பிளேன் ரெண்டும் கோஇன்சிடென்ட், பாக்கி இருக்க நவுருதலுக்கு டிஸ்டன்ஸ் மேட்ல அட்வான்ஸ்டுக்குப் போயி லிமிட். ஆகக் கொறைஞ்சது ரயில் ஸ்லாட்டோட ஒரு முனை, கூடுனது மறு முனை. கொறைஞ்ச எடத்துல நிறுத்தி புதுப் பெல்ட்ட மாட்ட முடியுதான்னு பாருங்க, கூடுன எடத்துல நிறுத்தி மோட்டார் பின்பக்கத்து ஃபேன் கவர் கேசிங்ல இடிக்கான்னு பாருங்க. இத ஸ்கிரீன்ல பாக்காம விட்டா மில்லுல ஏணி மேல நின்னு கேஸ் கட்டிங் வச்சி ஸ்லாட்ட நீட்டணும், அந்த வேலைய செஞ்ச வெல்டர் கையப் பாத்தவன் சொல்லுதேன்.

அடிப்பக்கமும் உங்க கைக்கு வந்தா, அங்க பெல்ட் இறுக்க டேக் அப் பேரிங் யூசிடி வரும். அத தனி சப் அசெம்பிளியா போட்டீங்கன்னா மேல கொண்டு வரையில ரிஜிடா நின்னுரும், உள்ள நவுருதது நவுராது. வலது கிளிக் பண்ணி காம்பொனென்ட் ப்ராபர்ட்டீஸ்ல ஃப்ளெக்சிபிள் ஆக்குங்க. எல்லா சப் அசெம்பிளியையும் அப்படி ஆக்கிராதீங்க, ஃபைல் ரொம்ப மந்தமாயிரும்.

கடையம்_லேப்:
முடிச்சப்புறம் இன்டர்ஃபியரன்ஸ் டிடெக்ஷன் (பார்ட்டும் பார்ட்டும் இடிக்கான்னு பாக்குதது) கட்டாயம் ஓட்டுங்க. போல்ட் மரையும் டேப் ஓட்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கெடக்கதால லிஸ்ட்டு நீளமா வரும், ஃபாஸ்டனர்ஸ் ஃபோல்டர்னு ஒரு டிக் இருக்கு, போட்டா போல்ட்டு எல்லாம் தனியா ஒதுங்கிரும், மிச்சத்த ஒவ்வொண்ணா பாக்கலாம். டவுன்லோட் பண்ணுன மாடல் ஏதாவது ராட்சச சைஸ்லயோ எறும்பு சைஸ்லயோ வந்தா இன்ச் எம்எம் கொழப்பம், 25.4 மடங்கு இருக்கான்னு பாத்தா தெரிஞ்சிரும்.

பாளை_டிராயிங்:
லிமிட் மேட் அருமையா வேல செய்யுது. இழுத்துப் பாத்தேன், கூடுன எடத்துல ஃபேன் கவர் இடிக்கத்தான் செய்யுது, பிராக்கெட்ட வெளிய தள்ளிட்டேன். கடைசியா ஒரு கேள்வி, ஃபேப்ரிகேஷன் ஷாப்ல ஸ்டெப் ஃபைல் (வேற கேட் சாஃப்ட்வேர்லயும் தெறக்குத பொது ஃபைலு) கேக்காவ. இந்த மேட் எல்லாம் அதுல போவுமா?

முக்கூடல்_ஃப்ரீகேட்:
போவாது. ஸ்டெப்ல பார்ட்டும் அது நிக்குத எடமும் மட்டும்தான் போவும், எது எதுமேல ஒக்காந்திருக்குங்கிறது போவாது. அவிய ஒரு பிளேட்ட தடிச்சா மத்தது அப்படியே நிக்கும். அதனால மோட்டார எந்த எடத்துல நிறுத்தி ஸ்டெப் எடுக்கீங்கன்னு பாத்துக்கிடுங்க, ஸ்லாட்டுக்கு நடுவுல வச்சி எடுங்க. கூடவே தலைப்பக்கத்து ஜெனரல் அரேஞ்ச்மென்ட் டிராயிங் ஒண்ணு பிடிஎஃப்ல அனுப்புங்க, பேஸ் பிளேட் மேல் மொகத்துல இருந்து ஷாஃப்ட் சென்டர் 49.2ன்னும், மோட்டார் முன்ன பின்ன எவ்வளவு நவுரும்னும் அதுல அளவு போட்டு. அளவு மாத்தணும்னா உங்ககிட்ட கேட்டு நீங்க மூல ஃபைல்ல மாத்தி புதுசா ஸ்டெப் குடுக்கது நல்லது, ஃபைல் பேருல ரிவிஷன் நம்பரையும் சேத்துருங்க.